மேனேஜருக்கு இரண்டு வீடு

ஜனவரி 11

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் வந்தது. கடிதமா அது? தந்தி. "நலம். வேலை அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்." இதைச் சொல்ல ஒரு உறை, ஒரு தபால்தலை, வெயிலில் சைக்கிள் மிதிக்க ஒரு தபால்காரர்! ஆஸ்பத்திரியில் நீ ரத்தம் பார்த்து எழுதிக் கொடுக்கும் சீட்டில்கூட இதைவிட நாலு வரி கூடுதலாக இருக்கும். போனில் பேசலாமே என்பாய். என் காது சமாசாரம் உனக்குத் தெரியாததா? வலது காது எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. இடது காது இன்னும் வியாபாரத்தில் இருக்கிறது, ஆனால் பக்கத்தில் வந்து நின்று பேசினால்தான். போனில் நீ சொல்வதில் பாதி விழுவதில்லை. விழுந்த பாதியையும் மறுபடி எடுத்துப் படிக்க முடிவதில்லை. ஆகவே கடிதமே எழுது. நீளமாக எழுது.

கடை ஓடுகிறது. நேற்று ஒருவர் மூச்சு வாங்க வந்தார். வீட்டில் சண்டையாம், உடனே வந்து பூட்டை மாற்றிக் கொடுக்க வேண்டுமாம். "யாரு உள்ள, யாரு வெளிய?" என்று கேட்டேன். "அவ உள்ள, நான் வெளிய" என்றார். "அப்ப அவங்கதானே சார் பூட்டு மாத்தணும், நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கே போனார். பூட்டுத் தொழிலில் பாதி நேரம் இப்படித்தான் போகிறது.

மேனேஜர் சௌக்கியம். என் மகன் அந்தப் பூனைக்கு வைத்த பேர் பொருத்தம்தான். நான் ஒரு பூட்டைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தால் போதும், மேஜை மேல் ஏறி மேற்பார்வை. ஒரு வேலை செய்வதில்லை, நாம் செய்கிற ஒரு வேலையும் பிடிப்பதில்லை. பிடிக்கவில்லை என்றால் ஸ்பிரிங்கை ஒரு தட்டு தட்டிக் கீழே உருட்டிவிடும்.

சாயங்காலம் ஆறு மணி ஆனால் மட்டும் எங்கே இருந்தாலும் எழுந்துவிடுகிறது. உடம்பை முறித்துக்கொண்டு, பின்கதவில் அவன் வெட்டிவைத்த ஓட்டை வழியாக வெளியே போகிறது. அவன் வேலை முடிந்து வரும் நேரம் அது. அவன் கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிவிட்டது. இது இன்னமும் தெருமுனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு வெறுங்கையோடு திரும்பி வருகிறது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன், "மனுஷன் மறந்துருவான் சார், அது மறக்கல" என்று. சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. அந்தக் கதவை ஓட்டை போட்டு நாசம் பண்ணினான் என்று அவனை நான் எப்படித் திட்டினேன்! இப்போது அந்த ஓட்டையைத் துடைத்துத் துடைத்து வைக்கிறேன்.

ஒன்றுதான் கவலை. ராத்திரி வைக்கிற சாப்பாட்டை மோந்துகூடப் பார்ப்பதில்லை. ஆனால் உடம்பு என்னவோ தலையணை மாதிரி ஆகிக்கொண்டு வருகிறது. வயிற்றில் பூச்சியா? உங்கள் ஆஸ்பத்திரியில் யாரையாவது கேட்டு எழுது.

எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்று உயிரை எடுக்கிறது. அதுவும் போனால் போகட்டும் என்று விட்டிருக்கிறேன்.

உன் மாமா

*

ஜனவரி 22

அன்புள்ள மாமாவுக்கு,

திட்டு கிடைத்தது. இதோ, நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பல். "போனால் போகட்டும்" என்று விடுவதற்கு அது என்ன பழைய பூட்டா? உங்கள் பின்தெருவிலேயே பல் டாக்டர் அம்மா இருக்கிறார், பின்கதவைத் திறந்து பத்தடி நடந்தால் போதும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவை அவர் வாசலை மிதித்திருக்கிறீர்களா? பயம். எனக்குத் தெரியும். ஊரிலுள்ள பூட்டையெல்லாம் வாயைத் திறக்க வைப்பீர்கள், உங்கள் வாயைத் திறக்கச் சொன்னால் மட்டும் நடுங்குவீர்கள்.

மேனேஜருக்குப் பூச்சி இருந்தால் இளைத்துப் போகும், கொழுக்காது. அதன் ரத்தத்தை எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். எடுக்க முடிந்தால் பார்ப்போம்! நான் ஒரு முறை அதன் காதில் மருந்து விடப் போய் என் ரத்தத்தைக் கொடுத்தது நினைவிருக்கிறதா?

எங்கள் மருந்துப் பிரிவில் ஒருவர் இருக்கிறார். பூனை என்றால் அவருக்குத் தும்மல். பூனையைப் பார்க்கக்கூட வேண்டாம், நான் அங்கிருந்து கொண்டுவந்த கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனாலே ஆரம்பித்துவிடுகிறார். மூன்று வருஷமாகத் துவைத்த சட்டை, மாமா! "இன்னும் அந்த வீடு உங்க மேல ஒட்டிக்கிட்டு இருக்குங்க" என்றார். இருக்கட்டும் என்றேன்.

உங்களிடம் ஒரு விஷயம் எழுத வேண்டும். இன்று வேண்டாம். பல்லுக்கு ஒரு வழி பண்ணுங்கள், அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

உங்கள் மருமகள்

*

பிப்ரவரி 5

அன்பு மருமகளுக்கு,

பல்லைப் பிடுங்கியாயிற்று. அதைவிடப் பெரியதாக இன்னொன்றும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. சொல்கிறேன் கேள்.

வலி தாங்காமல் ஒரு நாள் சாயங்காலம் பல் டாக்டர் அம்மா வீட்டுக்குப் போனேன். கீழே ஆஸ்பத்திரி, மேலே வீடு. வரிசையாக ஆறு நாற்காலி. ஐந்தில் ஆட்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறாவதில் ஒரு பூனை. சாம்பல் நிறம், இடது காதில் வெட்டு, வாலின் நுனியில் வெள்ளை. கால்மேல் கால் போடாத குறையாக உட்கார்ந்திருக்கிறது நம் மேனேஜர்!

"அடப்பாவி" என்றேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அதுவும் திரும்பிப் பார்த்தது. பார்த்த பார்வை இருக்கிறதே! நான் யாரோ, பல்வலிக்காரன், டோக்கன் வாங்கிக்கொண்டு உட்காரட்டும் என்கிற மாதிரி. பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

பக்கத்தில் இருந்த பெண் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் கொடுத்தாள். "பாப்பா ஒண்ணும் பண்ணாது தாத்தா, உட்காருங்க" என்றாள். பாப்பாவாம்! எனக்கு அதை அறிமுகப்படுத்துகிறாள்!

என் முறை வந்ததும் டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். அவருக்கு என் கோபம் புரியவே இல்லை. "அது ரொம்ப நாளா வருது சார். சாயங்காலம் ஆறு மணிக்கு நாங்க திறப்போம், கரெக்டா வந்து நிக்கும். மீன் வெச்சிருப்பேன். சாப்பிட்டுட்டு நாற்காலியில ஏறி உட்கார்ந்துக்கும். பயந்துட்டு வர்றவங்க அதைத் தடவிக்கிட்டே இருப்பாங்க, எனக்கும் வேலை சுலபம்" என்றார். "எவ்வளவு நாளா?" என்றேன். "நான் இங்க வந்ததுலேர்ந்து. அஞ்சாறு வருஷம் இருக்கும்" என்றார்.

கணக்குப் போட்டுப் பார். அவன் உயிரோடு இருந்தபோதே அது ஆறு மணிக்கு அங்கேதான் போயிருக்கிறது. தெருமுனையும் இல்லை, காத்திருப்பதும் இல்லை. மீனுக்குப் போயிருக்கிறது. மூன்று வருஷமாக நான் கடைக்கு வருகிறவர்களிடம் சொன்னதெல்லாம் கதை. நான் அந்த நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தபோது கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. "வலிக்குதா சார், இன்னொரு ஊசி போடவா?" என்றார் டாக்டர் அம்மா. ஆமாம் என்று தலையாட்டினேன்.

இவ்வளவு நாள் நானும் அதுவும் சேர்ந்து அவனுக்காகக் காத்திருப்பதாக நினைத்திருந்தேன். தனியாகத்தான் இருந்திருக்கிறேன்.

சரி, விடு. ஏதோ விஷயம் எழுத வேண்டும் என்றாயே, இழுத்தடிக்காமல் எழுது. நல்ல விஷயமாக இருக்கட்டும்.

உன் மாமா

*

பிப்ரவரி 16

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தின் முதல் பாதிக்குச் சிரித்தேன். மீதியைப் படித்துவிட்டு அழுதேன். உங்களுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே நான் சொல்ல வந்ததை இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாமா என்று பார்த்தேன். தள்ளிப்போட்டால் அது பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

நான் மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறேன், மாமா.

அவர் மருந்துப் பிரிவில் இருக்கிறார். தும்முகிறவர் என்று எழுதினேனே, அவர்தான். நல்லவர். உங்கள் மகன் மாதிரி இல்லை. உங்கள் மகன் வீட்டுக்குள் வந்தால் பத்துப் பேர் வந்த மாதிரி இருக்கும். இவர் வந்ததே தெரியாது, தும்மினால்தான் தெரியும். போன வருஷம் நான் காய்ச்சலில் கிடந்தபோது தினமும் அறை வாசலில் ரொட்டியும் பாலும் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போவார். உள்ளே வந்ததில்லை. ஒரு வாரம் கழித்து நானே கதவைத் திறந்து, "ஏன் நிக்காம ஓடுறீங்க?" என்று கேட்டேன். "நீங்க யாரையோ நினைச்சுக்கிட்டு இருக்கீங்க, நடுவுல வரக் கூடாதுன்னுதான்" என்றார். அவரிடம் உங்கள் மகனைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறேன். உங்களைப் பற்றி அதைவிட நிறைய.

ஏப்ரல் இருபதாம் தேதி காலை பத்து மணிக்குப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறோம். அனுமதி கேட்கிறேன் என்று எழுதினால் அது பொய், முடிவு பண்ணிவிட்டேன். ஆனால் நீங்கள் வர வேண்டும். எனக்குப் பிறந்த வீடு என்று எதுவும் மிச்சமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் வீடுதான் எனக்கு அதுவும் இதுவும். நீங்கள் வராமல் நான் அங்கே போய் நின்றால் யாருமில்லாதவள் மாதிரி நிற்பேன்.

இன்னொன்று. அவருடைய அப்பா இருக்கிறார். அவரையும் மாமா என்றுதான் கூப்பிட வேண்டும். முதல் நாள் கூப்பிட வாயைத் திறந்தேன், வரவே இல்லை. "சார்" என்றுவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். அந்தச் சொல் உங்களோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, மாமா. கல்யாணத்துக்குப் பிறகு உங்களை நான் என்னவென்று கூப்பிடுவது? முறை மாறிவிடும் என்று இங்கே ஒருவர் சொன்னார். அவரோடு சண்டை போட்டுவிட்டேன்.

சீக்கிரம் பதில் போடுங்கள். திட்டுவதாக இருந்தாலும் நீளமாகத் திட்டுங்கள்.

உங்கள் மருமகள்

*

மார்ச் 8

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் இல்லை. தபால்காரரை நான்கு தடவை கேட்டுவிட்டேன், இப்போதெல்லாம் என்னைப் பார்த்தாலே தூரத்திலிருந்தே கையை விரிக்கிறார். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நேற்று போன் செய்தேன். நீங்கள் எடுத்தீர்கள். "யாரு? யாரு?" என்றீர்கள். நான் கத்தினேன். வைத்துவிட்டீர்கள். காது கேட்காமல் வைத்தீர்களா, கேட்டுத்தான் வைத்தீர்களா என்று தெரியாமல் ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

ஒரு வரி போதும், மாமா.

உங்கள் மருமகள்

*

மார்ச் 12

இரண்டு கடிதமும் கிடைத்தன.

உன் வாழ்க்கை, உன் இஷ்டம். நான் சொல்ல ஒன்றும் இல்லை. உன் துணிமணிகளைப் பெட்டியில் போட்டுக் கட்டி லாரி சர்வீஸில் அனுப்பியிருக்கிறேன். அவன் பொருள் எதையும் அதில் வைக்கவில்லை.

வீட்டுச் சாவி ஒன்று உன்னிடம் இருக்கிறது. தபாலில் அனுப்பிவிடு.

என்னை என்னவென்று கூப்பிடுவது என்று கேட்டிருந்தாய். அந்தக் கஷ்டம் உனக்கு வேண்டாம். அங்கே இருக்கிறவரை மாமா என்று கூப்பிடு, நாளாக நாளாக வாயில் வந்துவிடும்.

பின்கதவு ஓட்டைக்குப் பலகை வைத்து இன்று ஆணி அடித்துவிட்டேன். படுக்க ஒரு வீடு, சாப்பிட ஒரு வீடு என்று இனி இங்கே யாரும் இருக்க முடியாது. மேனேஜர் பரண்மேல் ஏறிக் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பசித்தால் இறங்கும்.

பூட்டுக்கடை

*

மார்ச் 20

மாமா,

பெட்டி வந்தது. என் துணிகளை நீங்களே மடித்திருக்கிறீர்கள், தெரிகிறது. சட்டையின் கையை உள்ளே விட்டு மடிப்பது நீங்கள்தான். அவ்வளவு பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டே அந்தக் கடிதத்தையும் எழுதினீர்களா?

என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அந்த ஓட்டையை அடைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது? உங்கள் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதை அறுத்தார். பெருவிரலில் ரம்பம் பட்டு ரத்தம் கொட்டியது. நான் கட்டுப் போடப் போனால், "இரு இரு, முதல்ல மேனேஜர் நுழையுதான்னு பாக்கலாம்" என்றார். அது நுழையவில்லை. இரண்டு பேரும் மாறி மாறித் தரையில் படுத்துத் தலையை ஓட்டையில் விட்டு, இப்படி இப்படி என்று அதற்குக் காட்டினோம். நீங்கள் கடையிலிருந்து வந்து பார்த்தபோது அவர் தலை வெளியே, உடம்பு உள்ளே. நீங்கள் திட்டினீர்கள், அப்புறம் சிரிப்பை அடக்க முடியாமல் கடைக்கே திரும்பிப் போய்விட்டீர்கள். நான் பார்த்தேன். அன்றைக்குச் சிரித்த மனுஷர்தானா இப்போது ஆணி அடித்தது?

நான் அவரை மறந்துவிட்டேன் என்று நினைக்கிறீர்கள். மறந்திருந்தால் உங்களுக்கு எதற்குக் கடிதம் எழுதப்போகிறேன்? மறந்துவிட்டவள் பேசாமல் போயிருப்பாள்.

நீங்கள் கேட்ட சாவி இத்துடன் இருக்கிறது. மூன்று வருஷமாக என் பையிலேயே இருந்தது, ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை. ஆனால் பையில் கை விடும்போதெல்லாம் விரலில் படும். இப்போது கை விட்டால் எதுவும் படுவதில்லை.

இதற்குமேல் எழுத மாட்டேன். இருபதாம் தேதி பத்து மணிவரை பதிவு அலுவலக வாசலில் நிற்பேன். பத்தடித்ததும் உள்ளே போய்விடுவேன்.

மருமகள் என்று கையெழுத்துப் போடலாமா என்று தெரியவில்லை. அதனால் போடவில்லை.

*

ஏப்ரல் 9

அன்பு மருமகளுக்கு,

இதைக் கிழித்துப் போடாமல் கடைசிவரை படி. நீளமாக எழுதச் சொல்லிப் பழக்கியவன் நான்தான், இன்று நானே நீளமாக எழுதப்போகிறேன்.

நான் ஆணி அடித்தபோது மேனேஜர் வீட்டுக்குள் இல்லை.

பரண்மேல் இருக்கிறது என்று உனக்கு எழுதினேன் அல்லவா? பார்த்து எழுதவில்லை. சுத்தியல் சத்தத்துக்குப் பயந்து ஏறியிருக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். முட்டி வலியில் ஏணி ஏறவும் முடியாது. கீழே நின்றபடியே அண்ணாந்து பார்த்து அதோடு சண்டை போட்டேன். "இனிமே எங்க போவே? போ பாப்போம்! மீன் வேணுமா மீன்? எனக்குத் தெரியாம ஊர் மேயறியா?" என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அதற்குப் பேசினேனா உனக்குப் பேசினேனா என்று எனக்கே தெரியவில்லை. பாலை வைத்தேன், இறங்கவில்லை. உனக்குக் கடிதத்தை முடித்துத் தபாலில் போட்டுவிட்டு வந்து பார்த்தேன், பால் அப்படியே இருந்தது. மறுநாளும் பரணைப் பார்த்துப் பேசிக்கொண்டே வேலை செய்தேன். காலிப் பரண். யாராவது பார்த்திருந்தால் கிழவனுக்குக் கழன்றுவிட்டது என்று சொல்லியிருப்பார்கள்.

அன்று மத்தியானம் டாக்டர் அம்மா கடைக்கு வந்தார். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. முகத்தில் அப்படி ஒரு கோபம்.

"சார், உங்க வீட்டுப் பின்கதவை ஏன் அடைச்சு வெச்சிருக்கீங்க?" என்றார்.

"பூனை வெளிய போகக் கூடாதுன்னுதான்" என்றேன்.

"பூனை வெளியதான் சார் இருக்கு!"

எனக்கு அவர் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தேன். இடது பக்கம் வந்து இன்னொரு முறை சொன்னார். "நேத்து சாயங்காலத்துலேர்ந்து அது உங்க கதவுகிட்ட நின்னு கத்துது. தெருவே கேக்குது. நேத்து எங்க வீட்டுக்கு வந்து சாப்பிட்டுச்சு, இல்லைன்னு சொல்லல. சாப்பிட்ட உடனே திரும்ப உங்க கதவுக்கே போயிடுச்சு. தூக்கிட்டு வந்து உள்ள வெச்சுக் கதவைச் சாத்துனேன், ஜன்னல் வழியா குதிச்சு மறுபடி அங்கயே போய் நிக்குது. ஒரு நகம் பிஞ்சு ரத்தம் வருது. உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

கேட்கவில்லை. நான் முன்பக்கம் கடையில் உட்கார்ந்திருந்தேன், செத்த காதைப் பின்பக்கம் வைத்துக்கொண்டு. ராத்திரி படுக்கும்போதும் நல்ல காதுதான் தலையணையில் கிடக்கும். பத்தடி தூரத்தில் அது கத்தியிருக்கிறது. உள்ளே இருக்கிற கிழவனுக்குக் காது கேட்காது என்று அதற்கு எப்படித் தெரியும்? கேட்டுக்கொண்டே திறக்கவில்லை என்றுதானே நினைத்திருக்கும்.

பின்கதவைத் திறந்து பார்த்தேன். வெளிப்பக்கம் கீழே ஒரு சாண் உயரத்துக்குப் பெயிண்டே இல்லை. அவ்வளவும் கீறல். நான் அடித்த பலகையில் கீறவே இல்லை, அதைச் சுற்றித்தான் கீறியிருக்கிறது. வழி இங்கேதானே இருந்தது என்று தேடியிருக்கிறது. கீழே இரண்டு சொட்டு ரத்தம். மேனேஜர் சுவர் ஓரமாக உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது. கையை நீட்டினேன். சீறியது. எட்டு வருஷத்தில் ஒரு நாளும் என்னைப் பார்த்து அது சீறியதில்லை. எழுந்து நொண்டிக்கொண்டே டாக்டர் அம்மா வீட்டுச் சுவரில் ஏறிப் போய்விட்டது.

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவன் போனபோதுகூட நான் அப்படி அழவில்லை. அப்போது நீ அழுதாய், உன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டி இருந்தது.

என்னைக் கேட்டால் பூட்டைப் பற்றி ஊருக்கே பாடம் எடுப்பேன். யார் உள்ளே, யார் வெளியே என்று கேட்காமல் பூட்டில் கையை வைக்க மாட்டேன். அன்றைக்குக் கேட்கவில்லை. போய்விடப் போகிறது என்ற ஆத்திரத்தில், வரப்போகிறதை வெளியே வைத்து அடைத்துவிட்டேன். அது மட்டுமா? உன் கல்யாணக் கடிதம் வந்து அவ்வளவு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. நீ போனில் கத்தியதும் எனக்குக் கேட்டது. கேட்டுத்தான் வைத்தேன். அதற்குக் காதைக் காரணம் சொல்ல மாட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம். அவனை நினைத்துக்கொண்டிருக்க நாம் மூன்று பேர் இருக்கிறோம் என்று நினைத்திருந்தேன்: நீ, நான், மேனேஜர். அது மீனுக்குத்தான் போகிறது என்று தெரிந்தது. இரண்டு பேர் ஆனோம். அப்புறம் உன் கடிதம் வந்தது. இனிமேல் நான் ஒருத்தன்தான், நானும் போனால் அவன் இருந்ததற்கே ஆள் இல்லை என்று ஆகிவிட்டது எனக்கு. அந்தப் பயத்தில்தான் எழுதக் கூடாததை எழுதினேன். உன் கடிதத்தில் அவன் ஓட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்ததைப் படித்தேன். அவன் தலை மாட்டிக்கொண்டது எனக்கு நினைவிருந்தது; "முதல்ல மேனேஜர் நுழையுதான்னு பாக்கலாம்" என்று சொன்னது எனக்குத் தெரியாது. அவனைப் பற்றி எனக்குத் தெரியாததும் உன்னிடம் இருக்கிறது. நீ எங்கே போனாலும் அது உன்னோடுதான் வரும். இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏற ஒரு பூனைக்கு நகம் பிய்ய வேண்டியிருந்தது.

அன்றே ஆணியெல்லாம் பிடுங்கிவிட்டேன். மேனேஜர் வரவில்லை. பின்கதவை அகலத் திறந்துவைத்து, மீன் வாங்கி வைத்து, படியில் உட்கார்ந்து பார்த்தேன். டாக்டர் அம்மா வீட்டுச் சுவர்மேல் உட்கார்ந்து என்னைப் பார்க்கும், பக்கத்தில் வராது. "பாப்பா" என்றுகூடக் கூப்பிட்டுப் பார்த்தேன். காதை மட்டும் திருப்பியது. சரி, அதற்கு மனசு ஆறட்டும் என்று விட்டேன். அது வராமல் உனக்கு எழுத எனக்கு முகம் இல்லை. அதனால்தான் இவ்வளவு தாமதம்.

போன வாரம் ஒரு நாள் காலையில் பூட்டு ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மேஜையில் இருந்த ஸ்பிரிங் உருண்டு கீழே விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் மேனேஜர். எப்போது நுழைந்தது, எப்போது ஏறியது, ஒன்றும் தெரியாது. மன்னித்துவிட்டதா, மறந்துவிட்டதா என்றும் தெரியாது. அதெல்லாம் அது நமக்குச் சொல்லாது. சாயங்காலம் ஆறு மணிக்கு எழுந்து உடம்பை முறித்துக்கொண்டு ஓட்டை வழியாகப் போனது. எனக்கும் வேலை இல்லை, பின்னாலேயே போனேன். டாக்டர் அம்மா அதற்கு மீனும் எனக்கு ஒரு டீயும் கொடுத்தார். இப்போது தினமும் இரண்டு பேரும் போகிறோம்.

மூன்று வருஷமாக அது அவனுக்காகக் காத்திருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது நிஜமாகக் காத்திருந்தது ஒரே ஒரு தடவைதான், என் கதவுக்கு வெளியே, எனக்காக. அதுவும் வேறு வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்து.

பத்தொன்பதாம் தேதி ராத்திரி ரயிலில் ஏறுகிறேன். டிக்கெட் வாங்கிவிட்டேன். மேனேஜரை டாக்டர் அம்மா பார்த்துக்கொள்வார், சொல்லவே வேண்டியதில்லை. நீ வாசலில் வெயிலில் நிற்காதே, உள்ளே நிழலில் உட்கார். பத்தடித்தாலும் எழுந்து போய்விடாதே. ரயில் தாமதமாக வந்தால் கிழவன் ஓட முடியாது.

உன் சாவியை அனுப்பச் சொன்னேன் இல்லையா? புத்தி கெட்டுப் போய்க் கேட்டது அது. பூட்டை மாற்றவில்லை. உன் சாவி பைக்குள் கிடந்து விளிம்பெல்லாம் மழுங்கியிருந்தது, அதை வைத்துப் புதிதாக இரண்டு வெட்டியிருக்கிறேன். தபாலில் போடாமல் கையிலேயே கொண்டுவருகிறேன். ஒன்று உனக்கு, ஒன்று அவருக்கு. தும்மிக்கொண்டே வரட்டும், பரவாயில்லை. வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

அவருடைய அப்பாவை மாமா என்றே கூப்பிடு, பாவம், அவர் என்ன செய்தார்? என்னையும் அப்படியே கூப்பிடலாம், வேறு எப்படித் தோன்றினாலும் கூப்பிடலாம். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என் இடது பக்கம் வந்து நின்று கூப்பிடு. அந்தப் பக்கம்தான் எனக்குக் கேட்கும்.

உன் மாமா